லேமினேட் பண்ணின டிகிரியோட வியட்நாம் போன கதை

வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சரா போகணும், டிகிரி கையில இருக்கு, வேற என்ன வேணும்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது என்கிட்ட கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதனால எனக்கு நடந்தத எல்லாம் ஒரே இடத்துல கொட்டிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், அவசரத்துல இருக்குறவங்க அப்புறமா வந்து படிங்க.

டிகிரி வாங்கினது வேற, அந்த டிகிரிய இன்னொரு நாட்டு ஆபீஸ்ல ஏத்துக்குற நிலைமைக்கு கொண்டு வர்றது வேற. இது தெரியாமத்தான் நான் பெட்டிய கட்டிட்டு கெளம்பினேன்.

2023 பிப்ரவரி. ஹோ சி மின் சிட்டில ஒரு லாங்குவேஜ் சென்டர், பேர் வேண்டாம், வீடியோ கால்ல ஒரு இண்டர்வியூ, அடுத்த நாளே ஆஃபர் மெயில். அதுல ஒரு வரி, "இ-விசால வந்துடுங்க, வொர்க் பர்மிட் இங்க வந்ததும் நாங்க பாத்துக்குறோம்." அப்ப வியட்நாம் இ-விசா 30 நாள்தான் (அந்த வருஷம் ஆகஸ்ட் 15க்கு அப்புறம்தான் 90 நாளா ஆக்குனாங்க). 30 நாள்ல பர்மிட் வந்துடுமானு கேட்டேன், "எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க"னு பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லனு இப்ப புரியுது. அன்னைக்கு சந்தோஷத்துல புரியல.

போன மூணாவது நாள் அங்க இருந்த எச்ஆர் பொண்ணு டாக்குமெண்ட் எல்லாம் கொண்டு வாங்கன்னாங்க. நான் பெருமையா ஃபைல திறந்து டிகிரிய எடுத்து நீட்டினேன். காலேஜ் முடிச்ச வருஷமே லேமினேட் பண்ணி வெச்சது, பத்து வருஷம் ஆகியும் ஒரு சுருக்கம் கிடையாது, மூலையில ஒரு மடிப்பு கிடையாது. அவங்க அத வாங்கி முன்னாடி ஒரு தடவை பாத்தாங்க, திருப்பி பின்பக்கம் பாத்தாங்க, மறுபடி முன்பக்கம். அப்புறம் கட்டைவிரல் நகத்தால பின்னாடி பிளாஸ்டிக்க லேசா கீறி பாத்தாங்க. "ஸ்டாம்ப் எங்க?"னாங்க. நான் முன்பக்கத்துல இருந்த யுனிவர்சிட்டி முத்திரைய காட்டினேன். இல்ல இல்ல, உங்க நாட்டு ஸ்டாம்ப், எங்க எம்பசி ஸ்டாம்ப்னாங்க. எனக்கு அவங்க எத கேக்குறாங்கன்னே புரியல, அவங்களுக்கு இவ இத கூட பண்ணாம எப்படி ஃப்ளைட் ஏறினானு புரியல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

சரி, பேப்பர் வர்றப்ப வரட்டும், நீங்க கிளாஸ் ஆரம்பிங்கனு மேனேஜர் சொல்லிட்டார். நானும் ஆரம்பிச்சேன். இத மறைக்க விரும்பல, கிட்டத்தட்ட மூணு வாரம் பர்மிட் இல்லாம கிளாஸ் எடுத்தேன், தப்புதான், சம்பளம் கவர்ல வந்தது. ஒரு மத்தியானம் ஏழெட்டு வயசு பசங்களுக்கு வாரத்தோட கிழமைகள் நடத்திட்டு இருக்கேன், புதன்கிழமை வரைக்கும் போர்டுல எழுதியாச்சு, ரிசப்ஷன் பொண்ணு கதவ திறந்து "டீச்சர், பேக் எடுத்துட்டு பின்னாடி வழியா போயிடுங்க, இன்ஸ்பெக்‌ஷன்"னு மெதுவா சொல்லிச்சு. என்ன நடக்குதுன்னே தெரியாம படிக்கட்டு இறங்கி, பின்னாடி சந்துல ஒரு காப்பி கடையில குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுதான் பாக்குறேன், கையில இன்னும் போர்டு மார்க்கர் இருக்கு, மூடி கிளாஸ் ரூம்லயே கெடக்கு.

அன்னைக்கு ராத்திரிதான் உக்காந்து சட்டத்த தேடி படிச்சேன். வியட்நாம்ல 2022 ஜனவரில வந்த ஆணை 12/2022 படி, பர்மிட் இல்லாம வேலை செய்யுற வெளிநாட்டுக்காரருக்கு 1.5 கோடியில இருந்து 2.5 கோடி டாங் (அந்த ஊர் பணம்) வரைக்கும் ஃபைன், அதுக்கு மேல நாட்ட விட்டு வெளியேத்துறதும் உண்டு. வேலை குடுத்தவங்களுக்கும் ஃபைன் இருக்கு, ஆனா அவங்கள யாரும் ஃப்ளைட்ல ஏத்தி அனுப்ப மாட்டாங்க. "எல்லாரும் அப்படித்தான்"னு சொல்ற மேனேஜருக்கு அதிகபட்சம் பணம்தான் போகும், உங்களுக்கு பாஸ்போர்ட்டுல ஒரு முத்திரை விழும், அடுத்த நாட்டு விசா ஃபார்ம்ல "எப்பவாவது வெளியேத்தப்பட்டிருக்கீங்களா"னு கேட்டா ஆமான்னு டிக் பண்ணணும். மறுநாளே இனிமே கிளாஸ் எடுக்கலன்னு சொல்லிட்டேன்.

இப்ப அந்த எச்ஆர் பொண்ணு கேட்ட ஸ்டாம்ப் விஷயத்துக்கு வரேன், எல்லாருக்கும் குழப்பம் இங்கதான். உங்க டிகிரில ரெஜிஸ்ட்ராரோ துணைவேந்தரோ கையெழுத்து போட்டிருப்பார். அது நிஜ கையெழுத்தானு வேற ஒரு நாட்டு ஆபீசருக்கு எப்படி தெரியும்? தெரியாது. அதனால ஒரு சங்கிலி. யுனிவர்சிட்டி கையெழுத்து உண்மைனு உங்க நாட்டுல ஒரு நோட்டரியோ கல்வித்துறை ஆபீசோ கையெழுத்து போடும், அந்த ஆபீசர் கையெழுத்து உண்மைனு வெளியுறவுத்துறை போடும், வெளியுறவுத்துறை ஆள் கையெழுத்து உண்மைனு நீங்க போகப்போற நாட்டு எம்பசி போடும். எம்பசி போட்டா அது அவங்க நாட்டு கையெழுத்து, அத அவங்க ஊர் ஆபீஸ் நம்பும். ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னாடி இருக்குற ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் பொறுப்பு. நீங்க நிஜமா படிச்சீங்களா, பாஸ் பண்ணீங்களா, இதெல்லாம் அந்த ஸ்டாம்ப் சொல்லாது. இந்த முழு நீள வேலைக்கு கான்சுலர் லீகலைசேஷன்னு பேர்.

இந்த சங்கிலிய குட்டையாக்கத்தான் 1961 அக்டோபர் 5ல நெதர்லாந்துல ஹேக் நகரத்துல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுல சேர்ந்த நாடுகளுக்குள்ள எம்பசி படிக்கட்டு ஏற வேண்டாம், டாக்குமெண்ட் வழங்கின நாட்டுல அப்போஸ்டில்னு ஒரே ஒரு சர்டிபிகேட் ஒட்டினா போதும். பாத்தீங்கன்னா சின்ன சதுரமா இருக்கும், ஒரு பக்கம் குறைஞ்சது 9 சென்டிமீட்டர் இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, எந்த நாடு குடுத்தாலும் மேல தலைப்பு பிரெஞ்சுலதான், உள்ள 1ல இருந்து 10 வரைக்கும் நம்பர் போட்ட வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவி, யார் முத்திரை, எந்த ஊர், என்ன தேதி, இப்படி போகும்.

அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. நீங்க டிகிரி வாங்கின நாடு, போகப்போற நாடு, ரெண்டுமே உறுப்பினரா இருக்கணும், ஒருத்தர் சேர்றத இன்னொருத்தர் ஆட்சேபிச்சிருக்கவும் கூடாது, ஆட்சேபம் இருந்தா அந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஒப்பந்தம் செல்லாது. நான் போன சமயம் வியட்நாம் அதுல இல்ல, அதனால எனக்கு முழு சங்கிலி. இந்த லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கு, சீனாவுக்கு 2023 நவம்பர் 7ல இருந்துதான் அமலுக்கு வந்தது, கனடாவுக்கு 2024 ஜனவரி 11. அதனால யாரோ மூணு வருஷத்துக்கு முன்னாடி பண்ணத அப்படியே நீங்களும் பண்ணாதீங்க, ஒப்பந்தத்த கவனிக்குற ஹேக் கான்ஃபரன்ஸ்ங்கற அமைப்போட சைட்லயே உறுப்பினர் பட்டியல் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை, பாத்துட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

முக்கியமா ஒண்ணு, இந்த சங்கிலி டாக்குமெண்ட் பொறந்த நாட்டுலதான் ஆரம்பிக்கும். ஹோ சி மின் சிட்டில உக்காந்துட்டு இன்னொரு நாட்டு டிகிரிக்கு முதல் கையெழுத்து வாங்க முடியாது. உங்க நாட்டு எம்பசி ஹனோய்ல அந்த வேலைய செஞ்சா, அதுக்கு மேல வியட்நாம் வெளியுறவுத்துறை லீகலைஸ் பண்ணுற வழி ஒண்ணு இருக்கு, ஆனா எல்லா எம்பசியும் டிகிரிய தொடாது, ஊர்ல வெளியுறவுத்துறை ஸ்டாம்ப் வாங்கியிருந்தாத்தான் பாப்போம்னு திருப்பி அனுப்பிடும். என்னையும் அனுப்பிடுச்சு.

அதனால என்ன பண்ணேன், டிகிரிய கொரியர்ல தம்பிக்கு அனுப்பினேன். விசா முடிய பன்னெண்டு நாள் இருக்கு, அதுக்குள்ள திரும்பி வந்துடும்னு நெனச்சேன், அவ்வளவு அப்பாவி. தம்பி கவுண்டர்ல நின்னுட்டே கால் பண்றான்.

"அக்கா, லேமினேஷன் இருந்தா வாங்க மாட்டாங்களாம்."

"ஏன்டா?"

"ஸ்டாம்ப் பேப்பர் மேல விழணுமாம், பிளாஸ்டிக் மேல போட்டா செல்லாதாம். பிரிச்சு எடுத்துட்டு வாங்கன்னு சொல்றாங்க."

பிரிச்சோம். இத எழுதறப்பவே எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு. ஹேர் டிரையர்ல சூடு பண்ணி ஓரத்துல இருந்து மெதுவா உரிச்சா வந்துடும்னு எங்கயோ பாத்துட்டு, நான் வீடியோ கால்ல மேற்பார்வை, அவன் பிளேடோட. முதல் ரெண்டு இஞ்ச் அழகா வந்தது. அப்புறம் கீழ வலது மூலை, துணைவேந்தர் கையெழுத்து இருந்த இடம், பிளாஸ்டிக்கோட சேர்ந்து இங்க்கும் கெளம்பி வந்துடுச்சு. பேப்பர்ல பாதி கையெழுத்து, பிளாஸ்டிக்ல பாதி கையெழுத்து. எந்த கையெழுத்து உண்மைனு ஊர் உலகமெல்லாம் ஸ்டாம்ப் அடிக்கணுமோ அந்த கையெழுத்தே போச்சு. தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "அக்கா, இத டேப் போட்டு ஒட்டட்டுமா?"னு கேட்டான். சிரிக்கிறதா அழுறதானு தெரியல.

அதனால டிகிரிய லேமினேட் பண்ணாதீங்க, ஏற்கெனவே பண்ணிட்டீங்கன்னா வீட்டுல பிரிக்காதீங்க. ஒரிஜினல தொடாமலே, நோட்டரி உண்மை நகல்னு சான்று குடுத்த காப்பி மேல ஸ்டாம்ப் வாங்குற வழி நிறைய நாட்டுல இருக்கு, முதல்ல அத கேளுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா யுனிவர்சிட்டில டூப்ளிகேட் சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணுங்க, டைம் ஆகும், ஆனா பத்திரம்.

விசா முடியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் வியட்நாம விட்டு கெளம்பிட்டேன். ஊர் வந்து டூப்ளிகேட்டுக்கு போட்டேன், மூணு மாசம் ஆச்சு. ஒரு விதத்துல அது நல்லதாவும் போச்சு, பழைய டிகிரில கையெழுத்து போட்டவர் எப்பவோ ரிடையர் ஆயிட்டார், இந்த மாதிரி ஆபீஸ்ல எல்லாம் மாதிரி கையெழுத்துனு ஒரு ஃபைல் வெச்சிருப்பாங்க, அதோட ஒப்பிட்டுத்தான் ஸ்டாம்ப் அடிப்பாங்க, ரொம்ப பழைய ஆள் கையெழுத்து அந்த ஃபைல்ல இல்லன்னா யுனிவர்சிட்டிக்கு எழுதி கேட்டு பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். புதுசுல இப்ப வேலைல இருக்குறவர் கையெழுத்து, உடனே பொருந்திடுச்சு. இடைக்கால சர்டிபிகேட் வெச்சு சமாளிக்கலாமானு நானும் யோசிச்சேன், பர்மிட்டுக்கு ஃபைனல் டிகிரிதான் கேப்பாங்கன்னு புது ஸ்கூல்ல கட் அண்ட் ரைட்டா சொல்லிட்டாங்க. பட்டமளிப்பு விழாவுக்கு போகாம சர்டிபிகேட் வாங்காமலே விட்டவங்க நிறைய பேர் இருக்கீங்க, அது இன்னும் யுனிவர்சிட்டி பீரோல தூங்கிட்டு இருக்கும், இன்னைக்கே அப்ளை பண்ணி வைங்க.

அடுத்தது பேர். பாஸ்போர்ட்டுல முழுப்பேரு, டிகிரில இனிஷியல். நமக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டர்ல பேர எழுத்து எழுத்தா டைப் பண்ற ஆளுக்கு அது ரெண்டு ஆள். ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு அஃபிடவிட் போட்டு, அதையும் டிகிரி மாதிரியே அதே சங்கிலில ஓட்டி ஸ்டாம்ப் வாங்க வேண்டியதாச்சு. நான் டிகிரி முடிச்சு அனுப்பினதுக்கு அப்புறம்தான் இத கவனிச்சேன், அதனால ரெண்டு தடவை ஃபீஸ், ரெண்டு தடவை அலைச்சல். கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாத்தினவங்க, பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ஒரு எழுத்த கூட்டி குறைச்சவங்க, எல்லாரும் முதல் வேலையா பாஸ்போர்ட், டிகிரி, மார்க் ஷீட், டீச்சிங் சர்டிபிகேட் நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேர சத்தமா எழுத்துக் கூட்டி படிச்சு பாருங்க. கண்ணால பாத்தா மூளை தானா சரி பண்ணிக்கும், வாயால படிச்சாத்தான் மாட்டும்.

குற்றப்பதிவு எதுவும் இல்லன்னு காட்டுற போலீஸ் சர்டிபிகேட்ல இன்னொரு முட்டாள்தனம். சுலபமா கிடைக்குதேனு ஏப்ரல்லயே வாங்கி, அதுக்கும் ஸ்டாம்ப் எல்லாம் அடிச்சு வெச்சுட்டேன். வியட்நாம்ல பர்மிட்டுக்கு குடுக்கும்போது அது வழங்கி 6 மாசத்துக்குள்ள இருக்கணும். டிகிரி வேலை முடிஞ்சு, புது வேலை தேடி, ஃபைல் குடுக்கப் போறப்ப அக்டோபர் கடைசி ஆயிடுச்சு. போலீஸ் சர்டிபிகேட் காலாவதி. மறுபடி முதல்ல இருந்து. லீகலைஸ் பண்ணின டிகிரிக்கு எக்ஸ்பைரினு என் அனுபவத்துல யாரும் கேக்கல, அதனால மெதுவா போற டிகிரிய முதல்ல முடிங்க, போலீஸ் பேப்பர கடைசில எடுங்க, மெடிக்கல் அதுக்கும் கடைசி. கொரியாவும் குற்றப்பதிவு சான்ற 6 மாசத்துக்குள்ளதுதான் கேக்குது, அப்போஸ்டிலோட.

டீச்சிங் சர்டிபிகேட் பத்தி யாருமே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். டிஈஎஃப்எல்லோ செல்டாவோ (ரெண்டுமே இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க பயிற்சி எடுத்ததுக்கான சான்று), அதுவும் ஒரு டாக்குமெண்ட்தானே, அதுக்கும் சங்கிலி உண்டு, அது எந்த நாட்டுல வழங்கப்பட்டதோ அங்கதான் அந்த சங்கிலி ஆரம்பிக்கும். செல்டாவ நீங்க எந்த ஊர் சென்டர்ல படிச்சாலும் சர்டிபிகேட் கேம்பிரிட்ஜ் பேர்ல பிரிட்டன்ல இருந்து வருது. கூட வேலை பாக்குற ஒருத்தங்க செல்டாவ பிரிட்டன்ல இருக்குற லீகலைசேஷன் ஆபீசுக்கு அனுப்பி, அங்கருந்து லண்டன்ல வியட்நாம் எம்பசிக்கு போய், அப்புறம் இங்க வந்தது. அவங்க வாழ்நாள்ல பிரிட்டன்ல கால் வெச்சதே இல்ல, சர்டிபிகேட் மட்டும் சுத்திப் பாத்துட்டு வந்துடுச்சு. ஆன்லைன்ல தள்ளுபடி விலைக்கு 120 மணி நேர கோர்ஸ் வாங்குறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க, பேப்பர் சர்டிபிகேட்ல மை கையெழுத்தோட குடுப்பீங்களா, எந்த நாட்டுல இருந்து, அத நோட்டரி ஏத்துக்குமா? பிடிஎஃப் மட்டும்தான்னு சொன்னா வேற இடம் பாருங்க.

வியட்நாம்ல லாங்குவேஜ் சென்டர்ல பாடம் நடத்த தாய்மொழி இங்கிலீஷ் இல்லாதவங்களுக்கு டிகிரி, டீச்சிங் சர்டிபிகேட் ரெண்டோட சேர்த்து மொழித்திறன் சான்றும் வேணும், அவங்க 6 படி அளவுகோல்ல 5வது படி, அதாவது ஐரோப்பிய அளவுகோல்ல சி1, ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைனா சுமாரா 7. 2018ல வந்த கல்வித்துறை சுற்றறிக்கை 21ல இது இருக்கு. பாஸ்போர்ட் எந்த நாடுங்கறத பொறுத்து கேக்குறது மாறும், அது நியாயமானு கேட்டா இல்ல, பல வருஷம் இங்கிலீஷ்லயே படிச்சு இங்கிலீஷ்லயே பாடம் நடத்தினவள பாத்து நீ நேட்டிவ் இல்லன்னு சொல்றப்ப கடுப்பாத்தான் இருக்கும், ஆனா கவுண்டர்ல நின்னு அந்த சண்டைய போட்டு ஜெயிச்சவங்க யாரையும் நான் பாத்ததில்ல. பரீட்சைய எழுதிட்டு வந்துடுங்க.

அனுபவ சான்றும் அப்படித்தான். நான் அப்ளை பண்ணின சமயம் ஆணை 152/2020, அதுல நிபுணர்ங்கற வகைக்கு டிகிரியோட 3 வருஷ அனுபவம் (2025 ஆகஸ்ட்ல வந்த 219/2025ல அத 2 வருஷமா குறைச்சுட்டாங்க). பழைய ஸ்கூல்ல குடுத்த லெட்டர்ல "நல்ல ஆசிரியை, ஒழுக்கமானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்"னு இருந்ததே தவிர, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், என்ன பாடம், முழு நேரமானு எதுவும் இல்ல. வாழ்த்து எல்லாம் எனக்கு சந்தோஷம்தான், ஆனா ஆபீசருக்கு தேதிதான் வேணும். மறுபடி எழுதி வாங்கி, அதுக்கும் நோட்டரில இருந்து எம்பசி வரைக்கும் அதே படிக்கட்டு.

ரெண்டாவது தடவை போன ஸ்கூல் வேற ரகம். ஆஃபர் லெட்டருக்கு முன்னாடியே எல்லா டாக்குமெண்ட்டோட ஸ்கேனும், பின்பக்கம் உட்பட, கேட்டாங்க. அப்பவே நிம்மதி ஆயிடுச்சு, பின்பக்கத்த கேக்குற ஆளுக்கு வேலை தெரியும். வெளிநாட்டு ஆள் எங்களுக்கு வேணும்னு முதல்ல அவங்க அரசாங்கத்துகிட்ட ஒப்புதல் வாங்கினாங்க, அப்ப அது வராம பர்மிட் ஃபைல குடுக்கவே முடியாது (2025ல வந்த 219/2025ல ரெண்டையும் ஒரே விண்ணப்பமா சேத்துட்டாங்க), அதனால "ஒப்புதல் வாங்கியாச்சா"ங்கற ஒரு கேள்விலயே எந்த சென்டர் நிஜம் எது கதைனு அன்னைக்கு தெரிஞ்சுடும். அவங்க ஏற்பாடு பண்ணின பிசினஸ் விசால வந்து, மெடிக்கல் முடிச்சு, பர்மிட் வர்ற வரைக்கும் என்னை கிளாஸ் ரூம்ல நிக்கவே விடல, லைப்ரரில உக்கார வெச்சு சிலபஸ் படிக்க சொன்னாங்க.

அங்கயும் ஒரு கூத்து. லீகலைஸ் ஆன டிகிரிய வியட்நாமிய மொழியில மொழிபெயர்த்து நோட்டரி பண்ணணும். மொழிபெயர்ப்பாளர் பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்ங்கறத வார்த்தைக்கு வார்த்தை போட்டு, ஓவியம் சிற்பம் மாதிரி கலைத்துறை பட்டம்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதிட்டார். ஃபைல் திரும்பி வந்தது, ஓவியம் படிச்சவங்க ஏன் இங்கிலீஷ் நடத்துறாங்கன்னு ஒரு கேள்வியோட. இங்கிலீஷ் இலக்கியத்துல இளங்கலைனு திருத்தி மறுபடி நோட்டரி பண்ணதுல ஒரு வாரம் போச்சு. உங்களுக்கு அந்த மொழி தெரியாது, தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பட்டம், பாடம், பேர், தேதி இந்த நாலு வரிய மட்டும் படிச்சு காட்ட சொல்லுங்க, போதும்.

மத்த நாடு பத்தி கேக்குறவங்களுக்கு, நான் நேர்ல பாத்தது வியட்நாம் மட்டும்தான், மத்தது கூட இருக்குற டீச்சர்ஸோட அனுபவத்த வெச்சு, விதிகள படிச்சத வெச்சு சொல்றேன். கொரியால மொழி டீச்சர்களுக்கான ஈ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா இந்த ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் பொதுவா, 2010ல அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்துல டீச்சிங் லைசன்ஸ் இருக்குற இந்தியர்களுக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்து வெச்சிருக்காங்க. டிகிரி காப்பிக்கு அப்போஸ்டில் கட்டாயம், ஒரு செட் இமிக்ரேஷன்ல போயிடும், அதனால பண்ணும்போதே ரெண்டு செட் பண்ணிடுங்க. சீனால டிகிரியோட 2 வருஷ அனுபவம், டீச்சிங் சர்டிபிகேட்டோ எஜுகேஷன் டிகிரியோ இருந்தா அந்த 2 வருஷத்துல விலக்கு உண்டு. வேலைக்கான இசட் விசால உள்ள போய் 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு போடணும், டூரிஸ்ட் விசால வா அப்புறம் மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா போன வைங்க. ஜப்பான்தான் இதுல கொஞ்சம் சுலபம், விசாவுக்கு முன்னாடி வாங்குற தகுதிச் சான்றிதழுக்கு வேலை குடுக்குறவங்க அங்க அப்ளை பண்ணுவாங்க, டிகிரி காப்பியே பெரும்பாலும் போதும், அந்த சான்று வந்த 3 மாசத்துக்குள்ள நாட்டுக்குள்ள போயிடணும். தாய்லாந்துல ஸ்கூல் வேலைனா நான்-இமிக்ரண்ட் பி விசா, வொர்க் பர்மிட், அதுக்கு மேல குருசபானு ஆசிரியர் கவுன்சில், லைசன்ஸ் இல்லாதவங்களுக்கு அவங்க தற்காலிக விலக்கு குடுத்தாத்தான் நடத்த முடியும். தைவான் அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இல்ல, அங்க அவங்க பிரதிநிதி அலுவலகத்துல டிகிரிய சான்று பண்ணணும்.

கூட வேலை பாத்த ஒரு அமெரிக்கக்காரர் நம்மள விட பாவம். அவர் ஊர்ல டிகிரினா அந்த மாநில செயலர் ஆபீஸ்ல ஆரம்பிக்கணும், எஃப்பிஐ குடுத்த குற்றப்பதிவு சான்றுனா அது மத்திய அரசு பேப்பர், நேரா வாஷிங்டன்ல வெளியுறவுத்துறைக்கு போகணும். அவர் ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு மாநிலத்துக்கு அனுப்பிட்டார். எஃப்பிஐ பேப்பர் அப்படியே திரும்பி வந்தது, அந்த போக்குவரத்துலயே மாசக்கணக்குல போச்சு. எந்த பேப்பர யார் குடுத்தாங்கன்னு பாத்து அந்தந்த வாசலுக்குத்தான் அனுப்பணும்.

இன்னொரு டீச்சர் ஸ்கேன் நேரா விழணும்னு டிகிரியையும் அதோட சேர்த்து அடிச்சிருந்த சான்று பேப்பரையும் ஸ்டேப்ளர் பின்ன கழட்டி தனித்தனியா எடுத்து, மறுபடி அழகா பின் அடிச்சு வெச்சாங்க. ஒட்டினது ஒட்டினபடி இருந்தாத்தான் செல்லும், ரெண்டு ஜோடி பின் ஓட்டைய பாத்ததும் கவுண்டர்ல வாங்கல. பின்ன கழட்டாதீங்க, மடக்கி ஸ்கேன் பண்ணுங்க, கோணலா இருந்தா பரவால்ல.

ஒரிஜினல் டிகிரிய "எங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்"னு எந்த ஸ்கூல் கேட்டாலும் குடுக்காதீங்க. காட்டுங்க, அவங்க ஆள கூட்டிட்டு போய் சான்றிட்ட நகல் எடுங்க, எடுத்த கையோட வாங்கிட்டு வந்துடுங்க. வேற வேலைக்கு மாறணும்னு நெனைக்குற அன்னைக்கு உங்க டிகிரி அடுத்தவங்க டிராயர்ல இருக்கக்கூடாது.

என் பர்மிட் 2 வருஷத்துக்கு வந்தது, அத ஒரு தடவை நீட்டிச்சாச்சு, நீட்டிக்கும்போது டிகிரிய யாரும் கேக்கல. அது இப்ப ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்ல இருக்கு, பின்பக்கம் ஸ்டாம்ப், அது மேல ஓரத்துல இன்னொரு ஸ்டாம்ப், ஒரு ஸ்டிக்கர், எல்லாம் சேர்ந்து முன்பக்கத்த விட பின்பக்கம்தான் கலரா இருக்கு. பாதி கையெழுத்தோட இருந்த பழசு யுனிவர்சிட்டிக்கே போயிடுச்சு, டூப்ளிகேட் வாங்கும்போது சரண்டர் பண்ண சொல்லிட்டாங்க. மீதி பாதி கையெழுத்து ஒட்டின பிளாஸ்டிக்க மட்டும் தம்பி எடுத்து வெச்சிருக்கான், எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான்.